கிழிசலின் நுனியில் என்ன நடக்கிறது?

தேக்கா சென்டர் மேல்மாடியில் ஒரு துணிக்கடைக்குப் போய், ரவிக்கைக்கோ சட்டைக்கோ பருத்தித் துணி கேட்டிருப்பீர்கள். கடைக்காரர் துணியை அளந்துவிட்டு என்ன செய்வார்? கத்தரியால் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு போடுவார். பிறகு கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் பிடித்துப் பர்ரென்று இழுப்பார். நேர்கோட்டில் துணி இரண்டாகிவிடும். அந்தச் சின்ன வெட்டு இல்லாமல் அதே துணியைக் கிழிக்கச் சொல்லுங்கள், பலசாலிக்கும் முடியாது.

இந்தப் பாடத்தை நான் வகுப்பறையில் பலமுறை நடத்தியிருக்கிறேன். அப்படியிருந்தும் ஒருநாள் அதை மறந்து, என் அக்கா கணவருடைய காரைக் கெடுத்துவிட்டேன்.

அத்தானிடம் இருப்பது பழைய கார். கூரை உலோகத்தால் ஆனதல்ல, மடக்கித் திறக்கக்கூடிய துணிக்கூரை. அதன் பக்கவாட்டில் கட்டை விரல் அகலத்திற்கு ஒரு கிழிசல். "மச்சான், நீதான் சயன்ஸ் டீச்சராச்சே, ஒட்டிக் கொடேன்" என்றார். வீட்டில் இருந்த உடனடிப் பசையை, அதாவது 'சூப்பர் குளூ'வை எடுத்து ஒட்டினேன். மேலே ஒரு வெள்ளி நிற டேப். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து, விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது டேப் உரிந்தது. கிழிசல் ஒரு சாண் நீளமாகியிருந்தது. நான் ஒட்டிய இடத்தில் அல்ல, ஒட்டிய இடத்தின் ஓரத்தில்! கடைசியில் கூரையையே மாற்ற வேண்டியதாயிற்று. சிங்கப்பூரில் பத்து ஆண்டு உரிமைச் சான்றிதழுக்குக் கொடுக்கும் விலைக்கு முன்னால் கூரைச் செலவு சின்னதுதான் என்று அத்தான் பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. எங்கே தவறினேன் என்று உட்கார்ந்து யோசித்ததை உங்களோடு பகிர்கிறேன். உங்களிடம் அப்படிப்பட்ட கார் இல்லாவிட்டாலும் குடை, கூடாரம், மழைக்கோட்டு, கடை முன்னால் கட்டும் மழைத்துணி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

விசை குவியும் இடம்

ஒரு துணியை இழுக்கும்போது அந்த விசையை எல்லா இழைகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. நடுவில் ஒரு வெட்டு விழுந்தால், வெட்டுப்பட்ட இழைகள் சுமக்க வேண்டிய பங்கு எங்கே போகும்? வெட்டின் இரு நுனிகளிலும் இருக்கும் இழைகளின் தலையில் விழும். இதை 1913-ல் கணக்கிட்டுக் காட்டியவர் சார்ல்ஸ் இங்லிஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். இழுக்கப்படும் ஒரு தகட்டில் வட்டமான துளை இருந்தால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகிறது. அதே துளை, அகலத்தைப் போல் பத்து மடங்கு நீளமான நீள்வட்டமாக இருந்தால் அதன் நுனியில் 21 மடங்கு! நுனி எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு ஆபத்து. முறுக்குப் பொட்டலத்தின் ஓரத்தில் பல் பல்லாக வெட்டியிருப்பது நம் கைக்கு அந்த உதவியைச் செய்யத்தான்.

செய்து பாருங்கள்: மலிவான பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்றிலிருந்து மூன்று விரல் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். முதல் பட்டையை அப்படியே இழுங்கள். இரண்டாவதின் ஓரத்தில் கத்தரியால் சின்ன வெட்டு போட்டு இழுங்கள். மூன்றாவதிலும் அதே வெட்டு. ஆனால் வெட்டின் நுனியில் காகிதத் துளைப்பானால் ஒரு வட்டத் துளை போட்ட பிறகு இழுங்கள். மூன்றாவது பட்டை இரண்டாவதைவிடத் தாக்குப்பிடிப்பதைக் கையிலேயே உணர்வீர்கள்.

நெய்த துணியில் இன்னொரு சங்கதி உண்டு. தளர்வாக நெய்த துணியில் கிழிசல் வரும்போது, நுனியில் உள்ள இழைகள் நழுவி ஒன்றோடொன்று கும்பலாகச் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் கிழிப்பது கடினம். அதே துணியின் மேல் ரப்பரோ பிளாஸ்டிக்கோ பூசினால் இழைகள் நகர முடியாமல் ஒட்டிக்கொள்கின்றன. ஒவ்வோர் இழையும் தனியாக நின்று, தனியாக அறுகிறது. தண்ணீர் புகாமல் இருக்கத் துணி கொடுக்கும் விலை இது.

பால்மரமும் கார்க் கூரையும்

தரமான துணிக்கூரை உண்மையில் மூன்று அடுக்கு. மேலே அக்ரிலிக் இழைத் துணி, நடுவில் ரப்பர், உள்ளே பாலியெஸ்டரோ பருத்தி கலந்த துணியோ. இந்த 'சாண்ட்விச்' யோசனை 200 ஆண்டுப் பழையது. கிளாஸ்கோவைச் சேர்ந்த வேதியியலாளர் சார்ல்ஸ் மெக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி 1823-ல் காப்புரிமை பெற்றார். வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும் என்பது அதன் குறை. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் முறைக்கு 1844-ல் சார்ல்ஸ் குட்இயர் காப்புரிமை பெற்ற பிறகே அந்தக் குறை நீங்கியது.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888-ல் பூங்காவின் இயக்குநரான ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். மலாயாவின் பால்மரக் காடுகளில் விடியும் முன்னே எழுந்து அந்தப் பாலை எடுத்தவர்கள் பெரும்பாலும் யார் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இன்றைய கார்க் கூரைகளில் பெரும்பாலும் 'பியூட்டைல்' எனப்படும் செயற்கை ரப்பர் இருக்கிறது. அதன் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு. காற்றிலுள்ள ஓசோன் தாக்குவது அந்தப் பிணைப்புகளைத்தான். ஆகவே பியூட்டைல் சீக்கிரம் வெடிப்பதில்லை. டயருக்குள் இருக்கும் டியூபும் இதே ரப்பர்தான்.

யார் இழுக்கிறார்கள்?

நிற்கும் காரின் கூரையை இழுப்பது அதன் சட்டம். ஓடும் காரில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. நம் விரைவுச்சாலைகளின் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 25 மீட்டர். காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். சுமார் 360 பாஸ்கல் கிடைக்கும். ஒரு சதுர மீட்டரில் 37 கிலோ எடையின் அளவு விசை. கூரைக்கு மேல் காற்று வேகமாக வளைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, துணி மேல்நோக்கி உப்புகிறது. இதில் பாதி விசை வந்தாலும் போதும், ஒரு கிழிசலை வளர்க்க.

இப்போது என் தவறு புரிகிறதா? உடனடிப் பசை துணிக்குள் ஊறி, கண்ணாடி போல் விறைத்துவிடும். விறைத்த பகுதியும் நெகிழும் துணியும் சந்திக்கும் கோட்டில் தகைவு குவியும். அங்கேதான் கிழிந்தது. இன்னொன்று, இந்தப் பசை பருத்தியைத் தொட்டால் வேகமாக வினைபுரிந்து சூட்டை வெளிவிடும். பஞ்சில் கொட்டினால் புகையே வரும். வீட்டில் முயல வேண்டாம். டேப்பின் கதை வேறு. வெயிலில் நிற்கும் கறுப்புக் கூரை 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் டேப்பின் பசை மெல்ல நகர்ந்து வழியும். சிலிக்கோன் பூசலாமே என்பார்கள் சிலர். பூசினால் பிறகு அந்த இடத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. கார் குஷன் வேலை செய்பவர்கள் அதைப் பார்த்தாலே தலையில் கை வைப்பார்கள்.

சரியான ஒட்டு

முதல் கேள்வி: ஏன் கிழிந்தது? கூரையை இறக்கும்போது துணியை உள்ளே இழுத்து வைக்க எலாஸ்டிக் பட்டைகள் இருக்கும். அவை தளர்ந்தால், மடியும் சட்டத்தின் மூட்டுக்கு நடுவே துணி மாட்டிக்கொள்ளும். அத்தான் காரில் நடந்தது அதுதான். பட்டையை மாற்றாமல் ஒட்டுப் போட்டால், ஒட்டும் அதே இடத்தில் நசுங்கும்.

கூரையின் முன்பக்கக் கொக்கியைக் கழற்றித் துணியைத் தளர்த்துங்கள். கிழிந்த விளிம்புகள் தாமாகவே பக்கத்தில் வந்து சேர வேண்டும். ஒட்டுத்துண்டு உள்பக்கமாக இருக்கட்டும். கிழிசலைவிட எல்லாத் திசையிலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அதிகமாக. மூலைகளை வளைத்து வெட்டுங்கள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் துண்டு வட்டமாக இருப்பது அழகுக்காக அல்ல. கூரையின் நெசவுத் திசையும் துண்டின் நெசவுத் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். குறுக்காக வைத்தால் ஒன்று நீளும், மற்றது நீளாது. மறுபடியும் ஓரத்தில் விசை குவியும்.

இரண்டு பரப்புகளையும் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் நெகிழக்கூடிய ரப்பர் வகைத் தொடுபசையை இரண்டிலும் மெல்லியதாகப் பூசுங்கள். உடனே ஒட்டக் கூடாது. கரைப்பான் ஆவியாகி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். நம் ஊரில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்விக்கும். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் காற்று 28 டிகிரியில் ஈரமாக இருந்தால், 24, 25 டிகிரிக்கே நீர் படியத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரப்படலத்தின் மேல் அழுத்தினால் ஒட்டு சில நாளில் உரியும். வறண்ட நண்பகலையோ குளிரூட்டி ஓடும் இடத்தையோ தேர்ந்தெடுங்கள். கரைப்பான் ஆவி வெளியேறக் காற்றோட்டமும் வேண்டும். அழுத்திய பிறகு ஒருநாள் முழுதும் கூரையை இழுத்து மாட்டாதீர்கள்.

விரல் நீளத்திற்கு மேற்பட்ட கிழிசல், மடிப்புக் கோட்டில் உள்ளது, பின்கண்ணாடியை ஒட்டியது ஆகியவற்றை நீங்கள் தொட வேண்டாம். துணி நன்றாக இருந்து தையல் நூல் மட்டும் இற்றுப்போயிருந்தால், வளைந்த ஊசியும் பாலியெஸ்டர் நூலும் கொண்டு, பழைய துளைகள் வழியாகவே தைக்கலாம். புதுத் துளை ஒவ்வொன்றும் மழைக்கு ஒரு வாசல்.

தேய்மானம்

கிழிசல் தெரியும், தேய்மானம் தெரியாது. நண்பகலில் நம் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தொடும் நாள்கள் உண்டு. அக்ரிலிக் அதை நன்றாகத் தாங்கும். பருத்தி நூல் தாங்காது. ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழையும் கொட்டுகிறது. புதுக் கூரையில் தண்ணீர் முத்துப் போல் உருண்டு ஓடும். சில ஆண்டுகளில் ஊறத் தொடங்கும். பலர் கூரை ஒழுகப்போகிறது என்று பயப்படுகிறார்கள். ஒழுகாது, நடுவில் ரப்பர் இருக்கிறதே! ஆனால் மேல் துணி ஈரமாகவே கிடக்கும். படிந்த அழுக்கைத் தின்று பூஞ்சை வளரும். கார் ஷாம்பூவும் மென்மையான தூரிகையும் போதும். பாத்திரம் கழுவும் திரவமும் குளோரின் பிளீச்சும் வேண்டாம். முன்னதன் எச்சம் நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து ஊறலை அதிகமாக்கும், பின்னது தையல் நூலைத் தின்னும். முழுதும் காய்ந்தபின் நீர்விலக்கித் தெளிப்பானை அடியுங்கள். ஈரக் கூரையை மடக்கி வைக்காதீர்கள்.

மாற்றிய பழைய கூரையை அத்தானிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பட்டை பட்டையாக வெட்டி, இப்போது உயர்நிலை மூன்று வகுப்பில் விசைப் பாடத்துக்குப் பயன்படுகிறது. நான் பசை ஊற்றிய துண்டை மட்டும் வெட்டவில்லை. அது ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது. யார் செய்தது என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.