முணுமுணுப்பைக் காதில் வாங்கு

கண்ணு, நீ பெர்ல் கற்கத் தொடங்கியிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். லாரி வால் 1987-இல் வெளியிட்ட மொழி. எனக்கு நெடுங்காலம் சோறு போட்டது. நான் பட்டதில் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

1. பத்தே வரி நிரலானாலும், தலையில் ‘யூஸ் ஸ்ட்ரிக்ட்’, ‘யூஸ் வார்னிங்ஸ்’ இரண்டையும் எழுதிவிட்டுத் தொடங்கு. புதிய பதிப்பு என்றால் ‘யூஸ் வி5.36’ என்ற ஒரு வரியே இரண்டையும் அழைத்து வந்துவிடும். ‘சின்ன வேலைதானே’ என்று நான் அசட்டையாக எழுதிய நிரல்கள்தான் பத்து வருஷம் ஓடின.

2. பெர்ல் தாட்சண்யம் மிகுந்த மொழி. எதைக் கொடுத்தாலும் எப்படியாவது பொருள் பண்ணிக்கொள்ளும். ஒரு மொத்த வியாபாரிக்கு மாதக் கணக்குக் கூட்டும் நிரல் எழுதிக் கொடுத்தேன். தொகை ‘12,500’ என்று காற்புள்ளியோடு வந்தது. பெர்ல் காற்புள்ளி வரை படித்து, 12 என்று எடுத்துக் கூட்டிவிட்டது. ஆயிரத்துக்குக் கீழே உள்ளவை சரியாகவே கூடின. அவற்றை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் மூன்று இரவு தூக்கம் போயிற்று. கடைசியில் ‘யூஸ் வார்னிங்ஸ்’ எச்சரிக்கையைப் போட்டதும், ‘இது எண் அல்ல’ என்று வரி எண்ணோடு வந்து நின்றது. முதல் நாளே சொல்லியிருக்கும். வாயைக் கட்டி வைத்தவன் நான்.

3. மதிப்பே இல்லாத மாறியைப் பயன்படுத்துகிறாய் என்று எச்சரித்தால், அங்கே ஒரு பூஜ்யத்தைத் திணித்து அடக்கிவிடாதே. அது ஏன் காலியாக வந்தது என்று பின்னோக்கி நடந்து பார். ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைத்தவன் ஓடு மாற்றுவதில்லை.

4. எச்சரிக்கைகள் வரிசையாகக் கொட்டினால் முதலாவதை முதலில் பார். பல நேரம் மற்றவை அதன் பிள்ளைகளாக இருக்கும். புரியாவிட்டால் ‘பெர்ல்டயாக்’ ஆவணத்தில் விளக்கம் உண்டு. கேட்க வெட்கப்படாதே.

5. சில நேரம் தெரிந்தேதான் செய்வாய். அப்போது ‘நோ வார்னிங்ஸ்’ போடலாம். எந்த வகை என்று பெயர் சொல்லி, அந்தச் சில வரிகளுக்கு மட்டும். வாடிக்கையாளர் முன்னால் திரையில் எச்சரிக்கைகள் ஓடியதே என்று கூசி, கோப்பின் தலையிலேயே ஒருமுறை போட்டுவிட்டேன். மானம் காப்பாற்றியதாக நினைப்பு!

6. எச்சரிக்கைகளையே முழுதாக நம்பியும் இருந்துவிடாதே. ‘இஃப்’ நிபந்தனையில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றை போட்டு, வலப்பக்கம் ஓர் எண்ணை எழுதினால் எச்சரிக்கும். அங்கே இன்னொரு மாறி இருந்தால் பேசாமல் போய்விடும்.

7. பிறர் எழுதிய பழைய நிரலில் ‘யூஸ் வார்னிங்ஸ்’ சேர்த்தால் எச்சரிக்கை நூற்றுக்கணக்கில் வரலாம். எழுதியவரை ஏசாதே. அது வந்ததே 2000-இல், 5.6 பதிப்போடு. அப்படியொரு நிரலை எழுதியவனை ஒரு பிற்பகல் முழுக்கத் திட்டித் தீர்த்தேன். மேலே நகர்த்திப் பார்த்தால், குறிப்பில் என் பெயர். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷத் தேதி.