பதிவு ஆகவில்லையா? முதலில் அந்த இலவச விபிஎன்னைத் தூக்கு!

வேலைக்கு விண்ணப்பம் போட இன்றுதான் கடைசி நாள். பெயர், பிறந்த தேதி, மெயில் ஐடி எல்லாம் நிரப்பி 'ரிஜிஸ்டர்' பட்டனை அழுத்தினால் திரும்பத் திரும்ப 'எரர்' வருகிறது. கேப்ட்சா படத்தில் பஸ் எங்கே, சிக்னல் எங்கே என்று தேடிக் கண் பூத்துப் போயிற்று. அப்போது பக்கத்தில் யாராவது சொல்வார்கள்: "ஒரு ப்ராக்ஸி போட்டுப் பாரேன், உடனே திறக்கும்." நீயும் போட்டுவிடுவாய். எனக்குத் தெரியும்.

என் சித்தி மகள் போன வருஷம் இதையேதான் செய்தாள். பதிவு ஆகவில்லை என்று ஒரு ப்ராக்ஸி, அதுவும் ஆகவில்லை என்று இன்னொன்று. இரவு பத்து மணிக்கு அழுதுகொண்டே எனக்கு போன் போட்டாள். லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், ஏதோ சீரியல் பார்க்க ஆறு மாதம் முன்பு போட்ட இலவச விபிஎன் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு, என் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டோம். ஐந்து நிமிஷத்தில் பதிவு முடிந்தது.

ப்ராக்ஸி என்றால் என்ன என்பதை மட்டும் புரிந்துகொள், மற்றதெல்லாம் தானே விளங்கும். உனக்குப் பதிலாக வேறொரு கம்ப்யூட்டர் போய் அந்த இணையதளத்தின் கதவைத் தட்டும். விபிஎன்னும் இந்த விஷயத்தில் அப்படித்தான். தளத்துக்குத் தெரிவது அதன் ஐ.பி. முகவரிதான், உன்னுடையது தெரியாது. ஆனால் அதே கம்ப்யூட்டர் வழியாக உன்னைப்போல் ஆயிரக்கணக்கானவர்கள் போகிறார்கள். அவர்களில் சிலர் கள்ளக் கணக்கு தொடங்கியிருப்பார்கள், குப்பை விளம்பரம் அனுப்பியிருப்பார்கள். அந்த முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். அப்புறம் அந்த வழியாக நீ நல்ல பிள்ளையாகப் போனாலும் கதவு திறக்காது.

சரி, இனி நான் சொல்கிறபடி செய்.

1. முதலில் எல்லாவற்றையும் அணை.

விபிஎன், ப்ராக்ஸி, பிரவுசரில் இருக்கும் 'முகவரி மறைக்கும்' எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் நிறுத்து. நிறுத்திய பிறகு பிரவுசரை முழுசாக மூடித் திற. வீட்டு வைஃபையில் ஆகவில்லையா, மொபைல் டேட்டாவுக்கு மாறு. இதற்கு மேல் எந்தத் தந்திரமும் பெரும்பாலும் தேவைப்படாது.

ஒன்று கவனி. மாறுவதென்றால் படிவத்தைத் தொடங்கும் முன்பே மாறிவிடு. பாதியில் மாற்றினால், தொடங்கினவள் ஒரு முகவரி, முடிக்கிறவள் வேறு முகவரி என்று தளம் சந்தேகப்பட்டு உன்னை வெளியே தள்ளும். ஓடிபி சரியாகப் போட்டும் 'தவறு' என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2. இலவச விபிஎன் போடாதே.

"ஃப்ரீதானே அக்கா" என்பாய். சர்வருக்கு வாடகை உண்டு, கரண்ட் உண்டு, ஆளுக்குச் சம்பளம் உண்டு. அந்தக் காசை யாரோ தருகிறார்கள் இல்லையா? பல சமயம் அது உன்னை விற்று வருகிற காசு. இதை நான் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சியாளர்களும் மற்றவர்களும் சேர்ந்து 2016-ல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைச் சோதித்தார்கள். 38 சதவீத ஆப்களில் மால்வேர் அடையாளம் இருந்தது. 18 சதவீதம் தகவலைப் பூட்டாமலேயே அனுப்பின. பாதுகாப்புக்கென்று போடுகிற ஆப்பின் லட்சணம் இது!

இதைவிட மோசம் ஒன்று உண்டு. உன் வீட்டு இணைப்பையே அடுத்தவனுக்கு முகமூடியாக வாடகைக்கு விடுவது. 2015-ல் ஹோலா என்ற இலவச விபிஎன், தன் பயனாளர்களின் இணைப்பை இன்னொரு சேவை மூலம் காசுக்கு விற்றது வெளியே வந்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை '911 எஸ்5' என்ற வலைப்பின்னலை முடக்கியது. இலவச விபிஎன்னுக்குள் மால்வேரை ஒளித்து, உலகம் முழுக்க 1.9 கோடிக்கு மேற்பட்ட ஐ.பி. முகவரிகளைப் பிடித்து, அவற்றைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த வாடகை முகவரிகளில் ஒளிந்துகொண்டு கொரோனா நிவாரணப் பணத்தைக்கூடத் திருடியிருக்கிறார்கள். திருடினவன் எவனோ. பதிவேட்டில் விழுந்தது, ஒன்றும் அறியாத வீட்டு முகவரி.

அந்த விபிஎன்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொள்: மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன், பலாடின் விபிஎன், ப்ராக்ஸிகேட், ஷீல்டு விபிஎன், ஷைன் விபிஎன். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே நீக்கு.

இப்போது உனக்குச் சுற்று புரிந்திருக்கும். இலவச ஆப் உன் முகவரியை வாடகைக்கு விடும், வாடகைக்கு எடுத்தவன் செய்கிற அயோக்கியத்தனத்தில் உன் முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறும், உனக்கு எங்கேயும் பதிவு ஆகாது. உடனே நீ இன்னொரு இலவச ப்ராக்ஸி தேடுவாய். தேடாதே!

3. ப்ராக்ஸி வழியாகப் பாஸ்வேர்டு போடாதே.

நடுவில் நிற்கிற கம்ப்யூட்டர் யாருடையது என்று உனக்குத் தெரியாது. 2007-ல் ஸ்வீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் என்பவர், டோர் என்ற முகமூடி வலைப்பின்னலில் கடைசிக் கணுக்கள் ஐந்தைத் தானே நடத்திப் பார்த்தார். பூட்டுப் போடாமல் அந்த வழியாகப் போன மெயில் பாஸ்வேர்டுகள் அவர் கண் முன்னால் வந்து விழுந்தன. தூதரகங்களின் கணக்குகள் உட்பட நூறு கணக்குகளின் விவரத்தை அவர் வெளியிட்டார். தூதரகத்துக்கே அந்தக் கதி.

பிரவுசர் சிவப்பாக 'இந்த இணைப்பு பாதுகாப்பானது இல்லை' என்று காட்டினால், அவசரத்தில் 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தாதே. 'சர்ட்டிஃபிகேட் இன்ஸ்டால் செய்' என்று எந்த ப்ராக்ஸியாவது கேட்டால், அதோடு உறவை அறு. அது உன் பூட்டுக்கு மாற்றுச் சாவி கேட்கிறது.

4. ஒளிந்திருப்பதைத் தேடு. பத்து நிமிஷ வேலைதான்.

நீ எதுவுமே போடவில்லை, ஆனாலும் எல்லாத் தளத்திலும் கேப்ட்சா மேல் கேப்ட்சா வருகிறது, நெட் மெதுவாகப் போகிறது, டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்றால் உள்ளே ஏதாவது உட்கார்ந்திருக்கலாம்.

• விண்டோஸ் கம்ப்யூட்டரில்: செட்டிங்ஸ், நெட்வொர்க், அதில் ப்ராக்ஸி. நீ போடாத முகவரி அங்கே இருந்தால் அணைத்துவிட்டு, விண்டோஸோடு வருகிற டிஃபெண்டரில் 'ஃபுல் ஸ்கேன்' ஓட விடு. ஆஃபீஸ் லேப்டாப் என்றால் கை வைக்காதே, அங்கே ப்ராக்ஸி இருப்பது சகஜம். ஐ.டி. ஆளைக் கேள்.

• ஆண்ட்ராய்டு போனில்: செட்டிங்ஸ் தேடல் கட்டத்தில் 'விபிஎன்' என்று தட்டிப் பார். தெரியாத பெயர் இருந்தால் நீக்கு. பிளே ஸ்டோரில் உன் படத்தைத் தொட்டு, பிளே புரொடெக்டில் ஸ்கேன் கொடு. 'அக்சஸிபிலிட்டி' அனுமதி எந்தெந்த ஆப்புக்கு இருக்கிறது என்றும் பார். டார்ச் லைட் ஆப்புக்கு அது எதற்கு?

• பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களை வருஷக்கணக்கில் மறந்து வைக்காதே. 'கிரேட் சஸ்பெண்டர்' என்று ஒன்றை லட்சக்கணக்கானவர்கள் நம்பி வைத்திருந்தார்கள். நடுவில் கை மாறியது. 2021 பிப்ரவரியில் மால்வேர் இருக்கிறது என்று கூகுள் அதை நீக்கியது. போடும்போது நல்லதாக இருந்தது, அப்புறம் கெட்டது. அதனால் பயன்படுத்தாததை எடுத்துவிடு.

• டிவி பாக்ஸை மறந்துவிடாதே! பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ்களில் தயாரிக்கும்போதே மால்வேர் ஏற்றி விற்கிறார்கள். 'பேட்பாக்ஸ் 2.0' என்ற இந்தக் கூட்டத்தைப் பற்றி அமெரிக்க எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் வழக்குப் போட்டபோது சொன்ன கணக்கு, 1 கோடிக்கு மேற்பட்ட கருவிகள். இவற்றையும் வீட்டு ப்ராக்ஸியாக விற்கிறார்கள். 'எல்லாச் சேனலும் இலவசம்' என்று சொல்லி விற்ற பாக்ஸ், பிளே புரொடெக்டை அணைக்கச் சொல்கிற பாக்ஸ் வீட்டில் இருந்தால் வைஃபையிலிருந்து கழற்று.

எதையாவது கண்டுபிடித்து நீக்கினால், பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்று. முதலில் மெயில், அடுத்து பேங்க். அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதே, புதுப் பாஸ்வேர்டும் போய்விடும்.

5. சாதாரணக் காரணங்களையும் பார்.

எல்லாவற்றுக்கும் வைரஸைக் குற்றம் சொல்ல வேண்டாம். போனில் தேதி, நேரம் தப்பாக இருந்தால் பாதித் தளங்கள் திறக்காது. அதைத் 'தானாக' என்று வை. விளம்பரத் தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்து. குக்கீஸை அனுமதி. பத்து நிமிஷத்தில் அழிந்துபோகிற தற்காலிக மெயில் ஐடி கொடுக்காதே, பல தளங்கள் ஏற்காது, ஏற்றாலும் பின்னால் பாஸ்வேர்டு மறந்தால் வழியில்லை. உறுதிப்படுத்தும் மெயில் ஸ்பாமில் கிடக்கும், அங்கே பார். பத்துத் தடவை அழுத்தாதே. ரோபோ என்று நினைத்துப் பூட்டிவிடும். அரை மணி நேரம் விட்டு வா. வீட்டு முகவரியே பட்டியலில் ஏறியிருந்தால் ரூட்டரைச் சிறிது நேரம் அணைத்துப் போடு, பல சமயம் புது முகவரி கிடைக்கும். கிடைக்காவிட்டால் இணைப்பு கொடுத்த கம்பெனிக்கு போன் செய்.

கடைசி நாள் வரை காத்திருக்காதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

6. நிஜமாகவே முகவரியை மறைக்கத் தேவை இருந்தால்.

தேவை உள்ளவர்கள் இருக்கிறார்கள். பத்திரிகையாளர்கள், துன்புறுத்துகிறவனிடமிருந்து தப்பி வந்த பெண்கள். அவர்களுக்கு நான் சொல்வது: இன்காக்னிட்டோவை நம்பாதீர்கள். அது அந்தக் கம்ப்யூட்டரில் வரலாற்றை வைக்காது, அவ்வளவுதான், ஐ.பி. முகவரியை மறைக்காது. பிரவுசிங் சென்டரில் உட்காரும்போது அது உதவும். டோர் வேண்டுமென்றால் அதன் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள், டெலிகிராமில் யாரோ அனுப்பிய ஃபைலைத் திறக்காதீர்கள். டோரின் வெளி முகவரிகள் ஊரறிந்த பட்டியல். அதனால் பல தளங்களில் பதிவு ஆகாது. காசு கொடுத்து வாங்கும் விபிஎன் தேவலை. ஆனால் 2022 ஏப்ரலில் இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சில பெரிய நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. வாங்கும் முன் எதைச் சேமிக்கிறார்கள் என்று படித்துப் பாருங்கள்.

7. பாஸ்வேர்டு திருடுபோய்ப் பணமும் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராதே.

'வீட்டில் திட்டுவார்கள்' என்று இரண்டு நாள் மறைத்து வைப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு நொந்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாயோ, அந்தப் பணத்தைப் பாதி வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. பேங்குக்கு ஒரு போன், சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு ஒரு போன். எண் 1930. இதைப் படித்து முடித்ததும் உன் போனில் சேமித்துவிட்டு, அப்படியே அம்மா போனிலும் போட்டு வை.