குடிக்கவும் இல்லை, நடிக்கவும் இல்லை

நம்பிக்கை: நாக்குக் குழறுது, கால் தடுமாறுது, ஒன்று கேட்டால் எகிறுகிறார். நல்லாக் குடிச்சிருக்கிறார்.

உண்மை: தலையில் பலமாக அடிபட்டவருக்கு ஒரு சொட்டுக் குடிக்காமலே இதெல்லாம் வரும். கோபத்தை அடக்கிவைப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி. காலி வீதியில் மோட்டார் சைக்கிளால் விழுகிறவருக்கு அதிகம் காயப்படுவதும் அதுதான். தையல் ஆறி மயிர் வளர்ந்ததும் அந்தக் காயத்தை ஊர் மறந்துவிடும்.

நம்பிக்கை: ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அப்போ நடிப்பு.

உண்மை: மூளையின் நுண்ணிய நரம்பிழைகள் அறுந்திருப்பது சாதாரண ஸ்கேனில் பல வேளை பிடிபடாது.

நம்பிக்கை: ஒரே விஷயத்தை மூன்று விதமாகச் சொன்னால் பொய்யன்.

உண்மை: அநியாயம் அதிகம் நடப்பது இங்கேதான். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவர் இருக்கிறார். விபத்துக்குப் பிறகு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "பாணும் சம்பலும்" என்பார். அரை மணி கழித்துக் கேட்டால் "இடியப்பம்". மனைவி குசினியில் இருந்து தலையசைப்பார்: வெறுந்தேத்தண்ணீர்தான் குடித்தவர். ஏமாற்றும் எண்ணம் துளியும் இல்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாக அடைக்கிறது. பொலிஸில் இவரிடம் "நீதானே அடிச்சாய்?" என்று நாலு தரம் கேட்டால், ஐந்தாம் தரம் களைத்துப்போய் "ஓம்" என்பார். அது சிங்களத்தில் எழுதப்படும், கையெழுத்தும் போடுவார். வாக்குமூலத்தை அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் உள்ளது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: இரண்டு தட்டுத் தட்டினால் அடங்கிவிடுவார்.

உண்மை: 2009 ஒக்டோபர் 29. வெள்ளவத்தைக்குப் பக்கத்தில் பம்பலப்பிட்டிக் கடற்கரை. கல்லெறிந்தார் என்று மனநலம் பாதிக்கப்பட்ட ஒரு தமிழ் இளைஞரைப் பொல்லுகளோடு கடலுக்குள் துரத்தினார்கள். துரத்தியவர்களில் பொலிஸ்காரரும் இருந்தார். தண்ணீருக்குள் நின்று அவர் கைகூப்பியதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அவர் மூழ்கி இறந்தார். அவருடையது மூளைக்காயம் அல்ல. ஆனால் கட்டளை விளங்காத, அல்லது விளங்கியும் கேட்டு நடக்க முடியாத எவருக்கும் அந்தப் பொல்லு ஒன்றுதான். கூட்டத்தை விலக்கி, ஒரேயொருவர் தணிந்த குரலில் சின்னச் சின்ன வசனமாகப் பேசிவிட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் அடங்குவார்.

நம்பிக்கை: தலையில் காயப்பட்டு இப்படி வழக்கில் மாட்டுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள்.

உண்மை: பல ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளியான ஒரு கணக்கு, சிறைப்பட்டோரில் ஏறக்குறைய 60 சதவீதத்தினர் எப்போதோ தலையில் காயப்பட்டவர்கள் என்றது. இங்கிலாந்தின் ட்ரேக் ஹோல் பெண்கள் சிறையில் அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வீட்டு வன்முறையில் அடிபட்டவர்கள்.

நம்பிக்கை: மூளையில் பிழை என்றால் வழக்கில் இருந்து தப்பிவிடலாம்.

உண்மை: இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, தான் செய்வது என்ன, அது பிழையா என்று அறியவே முடியாத அளவுக்குச் சித்தசுவாதீனம் இல்லாதவரைத்தான் காக்கும். மூளைக்காயம் பட்ட பெரும்பாலானோர் அதற்குள் வரமாட்டார்கள். ஆனால் விளக்கமறியலா பிணையா, எவ்வளவு தண்டனை என்று முடிவெடுக்கும்போது நீதவானுக்கு இந்தக் காயம் தெரிந்திருக்க வேண்டும். யாராவது சொன்னால்தானே தெரியும்!

பிரித்தானியாவில் 2017 முதல் ஹெட்வே அமைப்பு மூளைக்காயம் பட்டவர்களுக்கு ஓர் அடையாள அட்டை கொடுக்கிறது. அப்படி ஓர் அட்டை இங்கே வரும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. ஆஸ்பத்திரி தந்த நோய் நிர்ணய அட்டையைப் பிரதியெடுத்து அவருடைய பேர்சில் வையுங்கள், உங்கள் போனிலும் ஒரு படம் வையுங்கள். பொலிஸில் பேனையைத் திறக்கும் முன்பே அதைக் காட்டுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அடித்தார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996.