வீடு வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

தோட்டத்தில் நாம் குடியிருக்கும் வீடு வேலையின் பொருட்டு அளிக்கப்பட்ட வீடாகும். பணி ஓய்வு பெற்றபின் அதனை நிர்வாகத்திடம் ஒப்படைத்தாக வேண்டும். ஆகவேதான் தொழிலாளர் பலர் சேமநிதிப் பணத்தையும் பிள்ளைகளின் சம்பாத்தியத்தையும் ஒன்று சேர்த்து, அருகிலுள்ள பட்டணத்துத் தாமானில் ஒரு வீடு வாங்க முற்படுகின்றனர். வாழ்நாள் முழுதும் பால் மரம் சீவிச் சேர்த்த பொருள் சில கையெழுத்துகளில் கை மாறும் காரியம் இது. இதில் வழக்கமாக எழும் ஐயங்கள் சிலவற்றிற்கு இங்கே விளக்கம் தரப்படுகிறது. இவ்விளக்கங்கள் தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்துவன.

வினா: விலை முழுவதையும் கொடுத்து, ரசீதும் சாவியும் பெற்றுக்கொண்டால் வீடு சொந்தமாகிவிடுமா?

விடை: ஆகாது. 1966 ஜனவரி 1 முதல் நடப்பிலிருக்கும் தேசிய நிலச் சட்டத்தின்படி, நில அலுவலகப் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். ரசீது, பணம் கொடுத்ததற்குச் சான்று மட்டுமே. தெரிந்தவர்தானே என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, ஒருவர் பத்தாண்டுகள் ஒரு வீட்டில் குடியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். அதற்குள் விற்றவர் அதே வீட்டை வங்கியில் அடமானம் வைத்திருக்கலாம். அல்லது வேறொருவருக்கு விற்றிருக்கலாம். உண்மை அறியாது விலை கொடுத்து வாங்கிய அந்த வேறொருவர் தம் பெயரை முறையாகப் பதிந்துகொண்டால், அவரை வெளியேற்றுவது அரிது. விற்றவர் இறந்துவிட்டாலோ, அவருடைய சொத்தை நிர்வகிக்கும் ஆணையை வாரிசுகள் பெற்ற பின்னரே பெயர் மாற்றம் நடைபெற இயலும். ஆகவே பட்டாவில் நம் பெயர் ஏறும்வரை காரியம் முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.

வினா: முன்பணம் கொடுப்பதற்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

விடை: கிரான் என்று நாம் வழங்கும் நிலப்பட்டாவின் நகலை மட்டும் நம்பலாகாது. நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தினால் பதிவேட்டின் அன்றைய நிலையை அறிந்துகொள்ளலாம். அதில் பார்க்க வேண்டியவை இவை:

1. விற்பவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பதிவேட்டோடு பொருந்துகின்றனவா? உரிமையாளர் இருவராயின், இருவரும் கையெழுத்திட வேண்டும்.

2. வங்கி அடமானம் உள்ளதா? இருப்பின், விலைப் பணத்திலிருந்து முதலில் அக்கடன் தீர்க்கப்பட வேண்டும்.

3. கேவியட் எனப்படும் தடைப்பதிவு உள்ளதா? அது நீங்கும்வரை பெயர் மாற்றம் பெரும்பாலும் இயலாது.

4. நிலையான உரிமையா, குத்தகை உரிமையா? 99 ஆண்டுக் குத்தகையாயின் எஞ்சிய ஆண்டுகள் எத்தனை?

5. மாநில அரசின் அனுமதியின்றி விற்கலாகாது என்னும் நிபந்தனை உள்ளதா? மலிவு விலை வீடுகள் பலவற்றில் இந்நிபந்தனை உண்டு.

6. மலாய் ஒதுக்கீட்டு நிலமா? அத்தகைய நிலத்தை மலாய்க்காரர் அல்லாதாருக்கு விற்பது செல்லாது.

அடுக்குமாடி வீட்டிற்குத் தனிப்பட்டா இன்னும் வெளிவரவில்லையெனில், பதிவேட்டில் விற்பவரின் பெயர் இராது. அப்பொழுது மேம்பாட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் உறுதி பெற்றே மேற்செல்ல வேண்டும்.

வினா: விற்பனை எம்முறையில் நடைபெறும்?

விடை: ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கும்போது, கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் விலையில் 10 விழுக்காடு கொடுப்பது வழக்கம். எஞ்சிய தொகையை 3 மாதங்களுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் மேலும் 1 மாதம் வட்டியுடன் தவணை தரப்படும். மாநில அரசின் அனுமதி தேவையாயின், அவ்வனுமதி கிடைத்த நாளிலிருந்து 3 மாதக் கணக்குத் தொடங்குமாறு ஒப்பந்தத்தில் எழுதுவர். கையெழுத்திட்டவுடன் வாங்குபவர் தம் உரிமையைக் காக்கத் தடைப்பதிவு செய்துகொள்ளலாம். அது 6 ஆண்டுகள் நடப்பிலிருக்கும். உரிமை மாற்றத்திற்குரிய 14ஏ பாரத்தில் இருவரும் கையெழுத்திட்டு, முத்திரைத் தீர்வை செலுத்தி, நில அலுவலகத்தில் பதிந்த பின்னரே வீடு கைமாறியதாகும்.

வினா: புதிய வீட்டை மேம்பாட்டு நிறுவனத்திடம் வாங்கினால்?

விடை: 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒப்பந்தத்தின் வாசகம் அரசாங்கத்தாலேயே வகுக்கப்பட்டுள்ளது. நிலத்தோடு கூடிய வீட்டை 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தோன்றும் கட்டுமானக் குறைகளை நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர் அதே விற்பனையில் வாங்குபவருக்காகச் செயல்படச் சட்டம் இடந்தருவதில்லை. ஆகவே நமக்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்துவது வீண் செலவன்று.

வினா: விலையன்றி வேறு செலவுகள் யாவை?

விடை: உரிமை மாற்ற முத்திரைத் தீர்வை முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வெள்ளிவரை 2 விழுக்காடு. வீட்டின் விலை 180,000 வெள்ளியாயின், தீர்வை 1,000 வெள்ளியும் 1,600 வெள்ளியும் சேர்ந்து 2,600 வெள்ளியாகும். 2023ஆம் ஆண்டுக் கட்டண ஆணையின்படி முதல் 500,000 வெள்ளிக்கு வழக்கறிஞர் கட்டணம் 1.25 விழுக்காடு, இவ்வீட்டிற்கு 2,250 வெள்ளி. கடன் பத்திரத்திற்குத் தனித் தீர்வையும் கட்டணமும் உண்டு. 500,000 வெள்ளிக்கு மேற்படாத முதல் வீட்டை வாங்கும் குடிமக்களுக்கு 2021 முதல் தீர்வை விலக்கு அளிக்கப்பட்டது. இது கால வரம்புடைய சலுகையாதலால், கையெழுத்திடும் காலத்தில் அது நடப்பிலுள்ளதா என வழக்கறிஞரிடம் கேட்டறிக.

வினா: சேமநிதிப் பணத்தை முன்பணமாகக் கொடுக்கலாமா?

விடை: இங்கேதான் பலர் இடர்ப்படுகின்றனர். 55 வயதுக்கு உட்பட்டோர் வீட்டிற்கெனப் பணம் எடுக்க வேண்டுமாயின், கையெழுத்தான கொள்முதல் ஒப்பந்தத்தைச் சேமநிதி வாரியத்திடம் காட்ட வேண்டும். 2024 மே 11இல் கணக்குகள் மூன்றாக வகுக்கப்பட்ட பின், இப்பணம் செஜாத்திரா கணக்கிலிருந்து வழங்கப்படுகிறது. ஆகவே ஒப்பந்தத்தின்போது கொடுக்க வேண்டிய 10 விழுக்காட்டைக் கையிருப்பிலிருந்தே தேட வேண்டியிருக்கும். அதற்காக வட்டிக்காரரிடம் செல்வது வீட்டை வாங்குமுன்பே அதனை இழப்பதற்கு ஒப்பாகும்.

வினா: வீட்டை விற்போர் கவனிக்க வேண்டியது யாது?

விடை: நிலவரி, வீட்டு வரி, நீர், மின்சாரக் கட்டணங்களைத் தீர்த்து ரசீதுகளை வைத்திருக்க வேண்டும். வங்கிக் கடன் இருப்பின் எஞ்சிய தொகையை எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். குடிமக்கள் வாங்கிய 3 ஆண்டுகளுக்குள் வீட்டை விற்றால், கிடைத்த ஆதாயத்தில் 30 விழுக்காடு வரியாகும். 4ஆம் ஆண்டில் 20, 5ஆம் ஆண்டில் 15 விழுக்காடு. 2022 முதல், 6ஆம் ஆண்டிலிருந்து விற்போருக்கு இவ்வரி இல்லை. குடியிருக்கும் வீட்டிற்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கோரவும் உரிமை உண்டு. விலையைக் குறைத்து எழுதுமாறு எவர் கூறினும் உடன்படலாகாது, அது குற்றமாகும். தகராறு நேரின், எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததாக நிறுவுவதும் கடினம்.

தொழிலாளத் தோழர்களே! நிரப்பப்படாத பாரத்தில் கையெழுத்திடாதீர்கள். விளங்காத பத்திரத்தைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். பதிவு முடிந்ததும் மீண்டும் ஒருமுறை நில அலுவலகத்திற்குச் சென்று, உங்கள் பெயர் பதிவேட்டில் சரியாக எழுதப்பட்டுள்ளதா எனப் பார்த்து வாருங்கள். வங்கிக் கடன் இருந்தால் மூலப்பட்டா கடன் தீரும்வரை வங்கியிடம் இருக்கும். அதன் நகலையும் ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் ஒரே இடத்தில் பத்திரப்படுத்தி, அவ்விடத்தை மனைவி மக்களுக்கும் தெரிவித்து வையுங்கள்.