படிக்க வரலைன்னா சோம்பேறியா?

திருமழபாடியில் நந்தி கல்யாணம் பார்த்துவிட்டு வரும் மூன்றாம் வகுப்புப் பையன், கதையை ஒன்றுவிடாமல் சொல்வான். அதையே நாலு வரி எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் திணறுவான். கொம்பும் காலும் இடம் மாறும். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை யூகிப்பான். "வாய் மட்டும் நீளுது, படிக்கத்தான் கசக்குதா?" என்று முதுகில் ஒன்று விழும்.

அடி எதற்கு? முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்து, சொல்லிக் கொடுத்தும் தடுமாற்றம் மாதக்கணக்கில் நீடித்தால் 'டிஸ்லெக்ஸியா'வாக இருக்கலாம். எழுத்தையும் அதன் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு உள்ள சிரமம் இது. அறிவுக் குறைவு அல்ல, மாத்திரையும் கிடையாது. வார்த்தையை ஒலி ஒலியாகப் பிரித்து, விரலால் மணலில் எழுதிப் பழக்கும் தனிப் பயிற்சிதான் வழி. (கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு மணலுக்கா பஞ்சம்!)

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417-க்குப் போன் செய்தும் விசாரிக்கலாம். போகும்போது பையனின் பழைய நோட்டுகளையும் எடுத்துப் போங்கள், டாக்டருக்கு உதவும்.