மண்கோட்டை தந்த பாடம்
(இளம் அறிவியல் – இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கோட்டை என்றதும் செஞ்சியும் வேலூரும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை கல்லால் ஆனவை. ஆனால், வெள்ளையரின் பீரங்கிகளைத் திணற வைத்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வெறும் மண்ணால் ஆனது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், ஒட்டப்பிடாரத்தை அடுத்திருந்த அக்கோட்டை, பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனுக்கு அரண்மனையாகவும் அரணாகவும் விளங்கியது.

கோட்டையின் அமைப்பு

1801 போரில் பங்கேற்ற ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், தம் நினைவுக் குறிப்புகளில் இதனை விவரித்துள்ளார். நீளம் சுமார் 500 அடி. அகலம் 300 அடி. மதிலின் உயரம் ஏறத்தாழ 12 அடி. சிறு சதுரக் கொத்தளங்களும் சுற்றிலும் முள்வேலியும் இருந்தன.

இத்துணைச் சிறிய கோட்டை எவ்வாறு தாக்குப்பிடித்தது? குண்டு மோதினால் கல் விரிசல் கண்டு சிதறும். நன்கு பிசைந்து எழுப்பிய தடித்த மண்சுவரிலோ குண்டு புதைந்துவிடும். அதன் இயக்க ஆற்றல் மண்ணை நெரிப்பதிலும் உராய்விலும் செலவாகிவிடுகிறது. உடைந்த இடத்தை அடைக்கவும் அருகிலுள்ள மண்ணே போதும்.

இரு போர்கள்

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மென் நடத்திய தாக்குதல் தோல்வியுற்றது. பின்னர்க் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டையும் இடிக்கப்பட்டது.

1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார் தம்பி ஊமைத்துரை. சில நாட்களுக்குள் மதில்கள் மீண்டும் எழுந்து நின்றன! மார்ச் 31 அன்று கும்பினிப் படை பேரிழப்புடன் பின்வாங்கியது. கர்னல் அக்னியூ பெரும்படையுடன் வந்த பிறகே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது. நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

காணச் செல்வோர்க்கு

இன்று நம்மை வரவேற்கும் கோட்டை, 1974-இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக்கோட்டை. பலர் அதன் ஓவியங்களைப் பார்த்ததோடு திரும்பிவிடுகின்றனர். பழைய அரண்மனையின் அடித்தளங்களையும் அவசியம் காணவேண்டும். ஆங்கிலேயரின் கல்லறைகளும் அண்மையில் உள்ளன.

மாண்ட தம் அதிகாரிகளின் பெயர்களை ஆங்கிலேயர் கல்லில் பொறித்து வைத்தனர். மண் சுமந்து மதில் எழுப்பிய எளியவர்களின் பெயர்களைப் பொறிப்பார் இல்லை. நம்மில் பலரும் மண்சுவர் வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்கள். அந்தப் பெயரறியா உழைப்பாளிகளின் வரலாற்றை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?