கிட்டார் நம்பர் என்ன சொல்லுது?

இந்த எபிசோட்ல கிப்சன் ஈஎஸ்-335, ஈஎஸ்-339 இரண்டும் வந்தது. நம்பர் கூடினா கிட்டாரும் பெருசா? இல்லை, இங்கே நேர் எதிர்.

ஈஎஸ் என்றால் எலக்ட்ரிக் ஸ்பானிஷ். ஸ்பெயின்ல செய்தது என்று அர்த்தம் இல்லை. அந்தக் காலத்தில் ஹவாயன் கிட்டாரை மடியில் படுக்கவைத்து வாசிப்பாங்க. நெஞ்சோடு நிமிர்த்திப் பிடிப்பது ஸ்பானிஷ். நம்பர் ஆரம்பத்தில் விலையை ஒட்டி வந்தது: 1936இல் ஈஎஸ்-150 ஏறக்குறைய 150 டாலர், 1949இல் ஈஎஸ்-175க்கு 175 டாலர். பிறகு அது வெறும் மாடல் பெயர் ஆகிடுச்சு.

1958இல் வந்த 335க்கு நடுவில் மேப்பிள் கட்டை, இரண்டு பக்கமும் காலிக் கூடு. கூடு ஒலிக்கு இதம் தரும். கட்டை ஃபீட்பேக்கை அடக்கும். ஆனா அகலம் 16 அங்குலம். சின்ன உடம்புக்காரங்களுக்குக் கை தூக்கியே வாசிக்கணும். 2007இல் வந்த 339 அதே அமைப்பை லெஸ் பால் அளவுக்குப் பக்கமா சுருக்கியது. அதுதான் அதோட கவர்ச்சி. கூடு சின்னது என்பதால் ஒலி கொஞ்சம் இறுக்கமா இருக்கும்.

வாங்கப் போனா நம்பரை நம்பாதீங்க. எஃப் வடிவத் துளைக்குள்ள எட்டிப் பாருங்க, கட்டை தெரியுதா? பிறகு மடியில் வைத்துப் பாருங்க. தோள் வலிக்காத கிட்டாரைத்தான் தினமும் எடுப்பீங்க.